மஞ்சள் தாளில் என் கையெழுத்து

இருபத்திரெண்டாம் நம்பர் இப்பதான் உள்ள போச்சு. எனக்கு முப்பத்தொண்ணு. இடையில எட்டுப் பேரு, ஆளுக்கு அஞ்சு நிமிசம்னு வச்சாலும் இன்னும் முக்கால் மணி நேரம் இந்தச் சீனப் பள்ளிக்கூட வராந்தாவுல, பிள்ளைங்க உக்காருற இந்தக் குட்டி நாற்காலியில முட்டி வலிக்க உக்காந்திருக்கணும். உக்காரலாம், அதுல ஒண்ணுமில்ல, ஃபேக்டரியில எட்டு மணி நேரம் நின்னே பழகினவ நான், ஆனா இன்னைக்கு இருப்புக் கொள்ளல. காலையில பசியாறாம வந்துட்டேன், அதுவா இருக்கும். இல்ல, அது இல்ல, எதுன்னு எனக்கே தெரியும். காலையில ஏழு மணிக்கு வந்த அந்த மெசேஜ். மூணாம் ஆண்டு ரென் வகுப்புப் பெத்தவங்க குரூப்பு, முழுக்கச் சீனம், மூணு வருசமா அதுல நான் ஒரு ஊமை, எது வந்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போய்டுவேன். இன்னைக்கு ரிப்போர்ட் கார்டு நாளாச்சேன்னு போன்ல போட்டு மொழிபெயர்த்துப் பாத்தேன். மஞ்சள் தாளில் கையெழுத்திட்ட பெற்றோர் கடைசியில் வரவும், ஆசிரியர் தனியாகப் பேசுவார். இவ்வளவுதான். மஞ்சள் தாளா, எந்த மஞ்சள் தாள்னு மேல நிமிர்ந்து பாக்கும்போதே ஞாபகம் வந்துடுச்சு. மூணு வாரம் இருக்கும். சிங்க்ல பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன், ரெண்டு மணி ஷிஃப்டுக்குப் பஸ் வந்துடும், மக நிவா ஒரு கத்தைத் தாளைத் தூக்கிட்டு வந்து நிக்கிறா. வாராவாரம் வர்றதுதான், பரீட்சைத் தாள், ஊசி போடுற தாள், ஆண்டவனே, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போட்ட கையெழுத்தை வரிசையா ஒட்டினா சிங்கப்பூர் வரைக்கும் போகும். ஈரக் கையைச் சட்டையில துடைச்சிட்டு ஒவ்வொண்ணாப் போட்டேன். மஞ்சள் வந்தப்ப கேட்டேன், இது என்னம்மா? மிருகக்காட்சி சாலைக்குப் போறோம்மா, பெத்தவங்க சம்மதம் வேணுமாம். பேனா எழுதல. உதறி உதறிப் போட்டேன். சொட்டுத் தண்ணி பட்டுக் கையெழுத்து கலங்கினது கூட இப்பக் கண்ணுக்குள்ள நிக்குது, மேல என்ன எழுதியிருந்துச்சுன்னுதான் தெரியல. எப்படித் தெரியும்? எனக்குச் சீனம் படிக்கத் தெரியாதே.

மத்த நாள்ல போன்ல படம் புடிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன், சாமி சத்தியமா. அன்னைக்குன்னு போன் உள்ள சார்ஜ்ல கிடந்துச்சு. சரி, மிருகக்காட்சி சாலைன்னே வச்சுக்குவோம், அதுக்கு எதுக்குக் கடைசியில வரச் சொல்லணும், எதுக்குத் தனியாப் பேசணும்? இருபத்திமூணு உள்ள போச்சு. அந்தம்மா வெளுத்த சட்டை போட்டுக்கிட்டு, கையில பழக்கூடை வேற, டீச்சர் கிட்டச் சிரிச்சுக்கிட்டே போகுது, அதுக்கென்ன பயம், அது பிள்ளை ஜோங் வகுப்புக்குத்தான் போகும். இந்தப் பள்ளியில நாலாம் ஆண்டுல பிள்ளைங்களைக் கலைச்சு மார்க் பாத்துப் பிரிப்பாங்க. ஜோங், ஷியாவ், ரென், ஐ. விசுவாசம், பெத்தவங்களுக்கு அடங்குறது, நல்ல மனசு, அன்பு. முதலாம் ஆண்டுல நிவா விரல் மடக்கி மடக்கி எனக்குச் சொல்லிக்கொடுத்தா, நான் கூட, ஆஹா, எவ்வளவு அழகாப் பேர் வச்சிருக்கானுங்க பாருன்னு வீட்டுக்காரர் கிட்டச் சொன்னேன். மூணாம் ஆண்டு வரைக்கும் கலந்து கட்டித்தான் உக்கார வைப்பாங்க, அதுக்கப்புறம்தான் வேலையைக் காட்டுவாங்க. ஐ, அந்த அன்புதான் கடைசி. போன வருசம் கேன்டீனுக்குப் போற வழியில நாலாம் ஆண்டு ஐ வகுப்பை ஜன்னல் வழியாப் பாத்தேன். கழிவறைக்குப் பக்கத்து அறை. உள்ள இருபது பிள்ளைங்க இருக்கும், எண்ணிப் பாத்தேன், எண்ணாம இருக்க முடியல, சீனப்பிள்ளை மூணு, மத்ததெல்லாம் நம்ம பிள்ளைங்களும் மலாய்ப் பிள்ளைங்களும். டீச்சர் மலாய்ல பேசிக்கிட்டு இருந்தாங்க. சீனப் பள்ளிக்கூடத்துல, சீனப் பாடத்துல, மலாய்ல! புரியாத பிள்ளைங்களாம், அதனால சுலபமாச் சொல்றாங்களாம். அப்புறம் அதுங்க எங்கேருந்து சீனம் படிக்கும்? ஆறு வருசம் கழிச்சு வெளிய வந்தா சீனமும் இருக்காது, தமிழும் இருக்காது. அதைப் பாத்த அன்னைக்கே நான் முடிவு பண்ணேன், எது ஆனாலும் என் பிள்ளை இந்த அறைக்குள்ள வரக்கூடாது.

எதுக்குடி சீனப் பள்ளின்னு கேக்காத ஆள் இல்ல. வீட்டுக்காரரோட அக்கா, நான் அண்ணின்னு கூப்பிடுறது, அவங்க தமிழ்ப்பள்ளி டீச்சர், அவங்க வாய் சும்மா இருக்குமா? நம்ம பள்ளிக்கூடத்துல பிள்ளை குறைஞ்சு போய்ப் பூட்டப் போறான், நீ கொண்டுபோய்ச் சீனன் கிட்ட விடுறேன்னாங்க. நான் மனசுக்குள்ளதான் சொல்லிக்கிட்டேன். ஃபேக்டரியில பேக்கிங் லைன்ல பதினோரு வருசம் நின்னேன் அண்ணி, சூ யிங்னு ஒரு சீனப் பொண்ணு வந்துச்சு, டேப் ஒட்டுறதுல இருந்து எல்லாம் நான் பழக்கிவிட்ட பொண்ணு, லைன் லீடர் வேலை காலியானப்ப அதுக்குப் போச்சு. முதலாளியே கூப்பிட்டுச் சொன்னாரு, யோகேஸ், நீதான் நல்லா வேலை செய்யிற, ஆனா மீட்டிங்ல நீ இருந்தா நாங்க எல்லாரும் மலாய்ல பேசணும், சிரமமா இருக்கு. கோவமாக் கூடச் சொல்லல, நல்ல மனசோடதான் சொன்னாரு. அன்னைக்கு பஸ்ல வரும்போது வயித்துல ஏழு மாசம் இவ. அப்பவே சொல்லிட்டேன், உன்னை எவனும் சிரமம்னு சொல்லக்கூடாதுடி. இப்ப அந்த மஞ்சள் தாள் வேற ஏதாவதா இருந்தா நான் அண்ணி மூஞ்சியில எப்படி முழிக்கிறது, அது கிடக்கட்டும், இவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது? இதோ பக்கத்துலதான் உக்காந்திருக்கா, சட்டை மடிப்பை எடுத்து எடுத்து விட்டுக்கிட்டு. இருபத்தஞ்சு.

காக் ரொஹானா, மலாய்ல காக்னா அக்கா, வந்து பக்கத்துல உக்காந்தாங்க. இவ வகுப்பு ஹக்கீமோட அம்மா, பாசார் சந்தையில தேங்காப்பால் சோறு, அந்த நாசி லெமாக் விக்கிறவங்க, நல்ல மனுசி, இந்த வராந்தாவுல என்னைப் பாத்துச் சிரிக்கிற ஒரே ஆள். எனக்கு முப்பது, உனக்கு எத்தனைன்னு மலாய்ல கேட்டாங்க. முப்பத்தொண்ணுன்னேன். அவங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அப்பா, முப்பத்திரெண்டு. அவருக்கு அந்தப் பக்கம் வகுப்புல இன்னொரு தமிழ்ப்பிள்ளை தினேஷோட தாத்தா, முப்பத்திமூணு. கடைசி நாலு பேரும் நாங்கதான், ஒரு சீனமுகம் இல்ல. காக், நீங்க மஞ்சள் தாள் கையெழுத்துப் போட்டீங்களான்னு மெதுவாக் கேட்டேன். போட்டேனே, அவங்க சர்வ சாதாரணமாச் சொல்றாங்க, அடுத்த வருசம் ஐ வகுப்புக்கு அனுப்புறதுக்குச் சம்மதம், எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச சீனர் கிட்டக் காட்டிப் படிச்சிட்டுத்தான் போட்டேன், நல்லதுதானே யோகேஸ், அங்க டீச்சர் மலாய்ல சொல்லிக்கொடுப்பாங்க, ஹக்கீம் இங்க அழுதுக்கிட்டே இருக்கான், உன் மகளும் வர்றாளா, அப்ப ஹக்கீமுக்குத் துணை. சீனர் இல்லாத எங்க பிள்ளைங்களுக்கு மட்டும்தான் கொடுத்தாங்களாம். கேக்கக் கேக்க அந்த வராந்தாவுல சத்தமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. அவங்க வாய் அசையுது. நான் தலையை ஆட்டுறேன். ஐயோ, என் கையால, நானே, என் ஈரக் கையால. சூ யிங்கை ஒரு நாள் திட்டியிருப்பேன், முதலாளியைத் திட்டியிருப்பேன், இப்ப யாரைத் திட்டுறது, பேனாவை உதறி உதறிப் போட்டவ நானு.

நிவா, அந்த மஞ்சள் தாள் மிருகக்காட்சி சாலைக்குத்தானேம்மா? ஆமாம்மா. தலை நிமிரல. இங்க பாத்துச் சொல்லு. ஆமாம்மான்னு சொல்றேன்ல. அவ்வளவுதான், திரும்ப மடிப்பை எடுத்து விட ஆரம்பிச்சிட்டா. தப்பாப் படிச்சிருப்பாளோ? ஒன்பது வயசுப் பிள்ளை, ரெண்டு தாளை மாத்திச் சொல்லியிருப்பா, மிருகக்காட்சி சாலைத் தாள் வேற கலர்ல வந்திருக்கும். இல்லையே. இவ தப்பாப் படிக்கிறவ இல்லையே. பாசார்ல கடைப் பலகையெல்லாம் படிச்சுக்கிட்டே வருவா, மருந்துக்கடையில எனக்கு எந்த மாத்திரைன்னு இவதான் பாத்துச் சொல்றா, சீனக் கிழவிங்க எல்லாம் கன்னத்தைக் கிள்ளிக் கெட்டிக்காரின்னு சொல்றாங்க. அப்ப தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா. என் பிள்ளை என் கிட்டப் பொய் சொல்லியிருக்கா. எதுக்கு? மார்க் போச்சா? அவமானப்பட்டுக்கிட்டு மறைக்கிறாளா? இல்ல டீச்சர் மிரட்டினாங்களா? ஏதோ ஒண்ணு இருக்கு, ஆறு மாசமாவே ஒண்ணு இருக்கு, நான்தான் கண்ணைத் தொறந்து பாக்கல. தலைக்கு எண்ணெய் வேணாம்மான்னு ஒரு நாள் சொன்னா. இந்த வயசுலயே ஸ்டைலான்னு ரெண்டு அதட்டு அதட்டி வச்சுத்தான் அனுப்பினேன். மறுநாள் அஞ்சரைக்கு எழுந்து பாத்தா பிள்ளை குளியலறையில பாத்திரம் கழுவுற சோப்பைப் போட்டுத் தலையைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறா, கண்ணெல்லாம் செவந்து போய். நான் என்ன பண்ணேன்? சோப்பு வீணாப் போச்சேன்னு கத்தினேன். அப்புறம் தோசை வேணாம் ரொட்டி கொடுங்கன்னா. அப்புறம் பள்ளிக்கூட வாசல்ல கார் நிறுத்துற இடத்துக்கிட்டயே விட்டுடுங்க, உள்ள வராதீங்கன்னா. நான் கறுப்பா இருக்கேன்னு வெக்கப்படுறாளோன்னு எனக்குக் கோவம். என்னைப் பத்தி யோசிச்சேனே தவிர இவளைப் பத்தி யோசிக்கல பாரு. இருபத்தெட்டு.

போன் எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டேன், அடிக்குது, எடுக்கல, சிங்கப்பூர்ல சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும் வேலை, எடுக்க மாட்டாரு. எடுத்தாலும் என்ன சொல்லப் போறாரு, உனக்கு எது சரின்னு படுதோ செய் யோகம், அவ்வளவுதான், நல்ல மனுசன், நல்ல மனுசனா இருக்கிறது சில நேரத்துல எவ்வளவு சௌகரியம். சரி, நான்தான் பேசணும். மலாய்ல பேசணும். டீச்சர், நான் தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டேன். வேணாம், தெரியாமப் போட்டேன்னா கேவலமா நெனப்பாங்க, ஒரு தாளைப் படிக்கத் தெரியாத பொம்பளை, இவ பிள்ளை எப்படிப் படிக்கும்னு அங்கேயே முடிச்சிடுவாங்க. டீச்சர், நான் மனசை மாத்திக்கிட்டேன். அதுவும் நல்லா இல்ல. மார்க் குறைச்சலா இருந்தா என்ன சொல்றது? டியூஷன் வைக்கிறேன் டீச்சர், நானே சீனம் கத்துக்குறேன் டீச்சர், இன்னும் ஒரே ஒரு வருசம் டீச்சர். கெஞ்சுற மாதிரி இருக்கு. கெஞ்சினா என்ன, பிள்ளைக்காகக் கெஞ்சாம வேற எதுக்குக் கெஞ்சுறது? லிஸ்டு மேல போயிருந்தா? ஹெட்மாஸ்டர் ஒத்துக்கலேன்னா? காக் ரொஹானா உள்ள போய்ட்டாங்க. சிரிப்புச் சத்தம் கேக்குது. அஞ்சு நிமிசம் கூட ஆகல, வெளிய வந்து என் தோளைத் தட்டிட்டுப் போறாங்க, எல்லாம் முடிஞ்சுது, சுலபம்னுட்டு. முப்பத்தொண்ணு. எழுந்திருக்கிறேன், பிள்ளை கையைப் புடிச்சேன், அது கையும் வேர்த்திருக்கு.

யாப் டீச்சர் எழுந்து நின்னு உக்காரச் சொன்னாங்க. வயசான அம்மா, கண்ணாடி, குரல் கெட்டுப் போயிருக்கு, காலையில இருந்து பேசுறாங்கல்ல. ரிப்போர்ட் கார்டைத் திருப்பி என் பக்கம் வச்சாங்க. சீன எழுத்துல இவ பேரு, நி வா ஷி, முதல் வருசம் டீச்சருங்க வச்ச பேரு, எனக்கு அடையாளம் தெரிஞ்ச ஒரே மூணு எழுத்து. நம்பர் எனக்குப் படிக்கத் தெரியும். முப்பத்திமூணு பேருல ஒன்பதாவது. திரும்பப் பாத்தேன். ஒன்பதுதான். சீனத்துல எண்பத்தாறு. டீச்சர் மலாய்ல நிதானமாச் சொல்றாங்க, நிவாஷினி நல்லாச் செய்யிறா, ஷியாவ் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை, அதான் நீங்க ஐ வகுப்புக்குச் சம்மதம் கொடுத்ததும் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, தனியாக் கேக்கணும்னு நெனச்சேன். நான் வாயைத் திறந்தேன், மனப்பாடம் பண்ணது ஒண்ணும் வரல, ஏன் டீச்சர் எங்களுக்கு அந்தத் தாளைக் கொடுத்தீங்க, ஒன்பதாவது வந்த பிள்ளைக்கு ஏன் கொடுத்தீங்கன்னு பொங்கிட்டு வந்துடுச்சு. டீச்சர் கண்ணாடியைக் கழட்டினாங்க. வருசா வருசம் சீனர் இல்லாத பெத்தவங்க எல்லாருக்கும் கொடுக்கிறதுதான், நிறையப் பேர் அவங்களே கேக்குறாங்க, பிள்ளைங்களுக்கும் சௌகரியம், மார்க் பாத்துக் கொடுக்கணும்னு யாருக்கும் தோணல. யாருக்கும் தோணல. எங்க முதலாளி மாதிரியேதான், நல்ல மனசோடதான் சொல்றாங்க, எனக்கு அதுதான் இன்னும் பயமா இருக்கு. லிஸ்டு திங்கக்கிழமைதான் போகுது, இன்னைக்கே மாத்திடலாம், இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்கன்னு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வச்சாங்க, பேனாவும் கொடுத்தாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் உடம்பே லேசாயிடுச்சு. போன்ல படம் புடிச்சேன், ரெண்டு தடவை புடிச்சேன், ஷியாவ் வகுப்புக்கு மாற்றச் சம்மதிக்கிறேன்னுதான் வந்துச்சு. பேனாவை வச்சேன். அப்பதான் நிவா என் மணிக்கட்டைப் புடிச்சா.

வேணாம்மா. என்னடி வேணாம்? நான் ஐ வகுப்புக்கே போறேன்மா. டீச்சருக்குத் தமிழ் தெரியாது, எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குறாங்க. ஏன்டி, நீ ஒன்பதாவது வந்திருக்கடி, எதுக்குடி அம்மா கிட்டப் பொய் சொன்னே? அழுதிருந்தாக் கூடப் பரவாயில்ல, அழாம, ரிப்போர்ட் கார்டைப் பாத்துக்கிட்டே, யாரோட கதையையோ சொல்ற மாதிரி சொல்றா. மாசாமாசம் யார் பக்கத்துல யார் உக்காருறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடுவாங்கம்மா. ஒரு டப்பாவுல எல்லார் பேரும் இருக்கும். என் பேரு யாருக்கு வருதோ அந்தப் பிள்ளை அழும்மா. எண்ணெய் நாத்தம்னு சொல்லும். நான் எண்ணெய் வைக்காமதான் போறேன், இருந்தாலும் அழும். எல்லாரும் அப்பாடான்னு சிரிப்பாங்க. அப்புறம் டீச்சர் அழாதேன்னு அந்தப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பாங்க. ஹக்கீம் பேருக்கும் அழுவாங்க, தினேஷ் பேருக்கும் அழுவாங்க. ஐ வகுப்புல யாரும் அழ மாட்டாங்கம்மா.

மிட்டாய் கொடுத்த கை இதோ மேசை மேல இருக்கு, மெலிஞ்ச கை, மோதிரம், நீல மைக் கறை. இப்பக் கேக்கலாம், மலாய்ல உரக்கக் கேக்கலாம், வராந்தா முழுக்கக் கேக்குற மாதிரி. கேட்டா அப்புறம்? ஷியாவ் வகுப்புல இவளை யார் கையில விடுறது? அந்த வகுப்புல தமிழ்ப்பிள்ளையே கிடையாதுன்னு டீச்சர் இப்பத்தானே சொன்னாங்க, இல்ல, சொல்லல, எனக்கே தெரியும். மாசத்துக்கு ஒண்ணு, வருசத்துக்குப் பத்து, மூணு வருசத்துக்கு முப்பது தடவை இவ பேரு அந்த டப்பாவுல இருந்து வரும். போகாதே கண்ணு, அன்பு வகுப்புலயே இருன்னு சொல்லிடலாமா? சிரிச்சுக்கிட்டு இருப்பா, எண்ணெய் வச்சுக்குவா. பன்னெண்டு வயசுல சீனம் மறந்துபோய் வெளிய வருவா, இருபது வயசுல எவனோ ஒருத்தன் நல்ல மனசோட, நீ இருந்தாச் சிரமமா இருக்குன்னு சொல்லுவான். இத்தனை நேரம் இவங்க என் பிள்ளையை என்ன பண்ணிடுவாங்களோன்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன். இப்ப நான் என்ன பண்ணப் போறேன்னு நெனச்சு நடுங்குது. டீச்சர் கடிகாரத்தைப் பாத்தாங்க. வெளிய இன்னும் ரெண்டு நம்பர் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டேன். வேகமாப் போட்டேன், யோசிச்சாப் போட மாட்டேன்னு. என் மணிக்கட்டுல இருந்து அந்தச் சின்னக் கை மெதுவா விலகிடுச்சு.

"அப்ப அடுத்த வருசம் நீங்க வந்து என் பக்கத்துல உக்காருவீங்களாம்மா?"

டீச்சர் தாளை வாங்கிக்கிட்டே, சிரிச்ச முகமா, "என்ன சொல்றா?"ன்னு மலாய்ல என்னைக் கேட்டாங்க.

"உங்களுக்கு நன்றி சொல்றா, டீச்சர்"ன்னேன்.